நிறுவிய பின் செய்ய வேண்டுவன

கொத்தனார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அன்றே வீடு நம் வீடாகிவிடுவதில்லை. அடுப்பு எங்கே, விளக்கு எங்கே, முதியவர் படியேற இயலுமா, மழைநீர் எவ்வழி ஓடும் என்று குடிபுகுந்தவர் பார்த்துப் பார்த்துச் செய்த பிறகே அது வாழத்தக்க இல்லமாகிறது. இணையதளம் அமைப்பதும் இத்தகையதே. கருவியை நிறுவுவது சில நிமிட வேலை. நிறுவியதை நமக்கு உரியதாக்குவது நாட்கணக்கில் ஆகும் வேலை. கணிப்பொறி பயிலும் தோழர்கள் பலர் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றனர். ஆதலின் இரண்டாம் வேலையை ஈண்டுச் சிறிது விளக்குவோம்.

எடுத்துக்காட்டுத் தேடி வெகுதொலைவு போக வேண்டா. பெங்களூரின் பழைய தண்டுப் பகுதியிலுள்ள ஆஸ்டின் டவுனையே எடுத்துக்கொள்வோம். 1894இல் கன்னட அகராதியை வெளியிட்ட கிட்டல் பாதிரியாரின் பெயரால், கிட்டல் நகர் என்ற பெயரும் இதற்கு உண்டு. தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் இது. கால்பந்தாட்டத்தின்மீது தீராக் காதல் கொண்ட இடமுங்கூட. இங்கு நடைபெறும் ஆட்டங்களின் நாளும் நேரமும், ஆட்டக்காரர் பெயர்ப்பட்டியலும் தாங்கிய தமிழ் இணையதளம் ஒன்றை மாணவர் சிலர் அமைப்பதாகக் கொள்வோம். அதைப் படிப்பவர் யார்? விலை குறைந்த கைப்பேசி வைத்திருக்கும் தொழிலாளி. ஆங்கிலம் அறியாத பாட்டி. பார்வையின்றிச் செவியாலே படிக்கும் மாணவன். இம்மூவரையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இணையதளத்தின் முகப்பை அமைக்க இன்று பலர் கையாளும் கருவி 'வீட்' என்பது. பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு விரைவு என்று பொருள். 'வியூ' என்னும் நிரல் தொகுப்பை 2014இல் வெளியிட்ட இவான் யூ என்பாரே இதனையும் 2020இல் வழங்கினார். அதற்கு முன் பலரும் நம்பியிருந்த 'கிரியேட் ரியாக்ட் ஆப்' 2025 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 'நோட்' என்னும் அடிப்படை நிரல் கணிப்பொறியில் இருந்தால், 'என்.பி.எம். கிரியேட் வீட்' என்ற கட்டளை ஒரு கோப்புறையைப் படைத்துத் தரும். 'என்.பி.எம். இன்ஸ்டால்' துணைநிரல்களைக் கொணரும். 'என்.பி.எம். ரன் டெவ்' பக்கத்தை நம் கணிப்பொறியிலேயே 5173 என்ற போர்ட் எண்ணில் காட்டும். நிறுவுதல் இத்துடன் முடிந்தது.

கோப்புறையைத் திறந்தவுடன் மலைக்க வேண்டா. 'நோட் மாட்யூல்ஸ்' என்பது பண்டகசாலை. அதில் கைவைத்தல் ஆகாது; வைத்தாலும் அடுத்த நிறுவலில் மாற்றங்கள் அழிந்துபோகும். 'பேக்கேஜ்.ஜேசன்' சாமான் பட்டியல். அதனருகே உள்ள 'லாக்' கோப்பு, ஒவ்வொரு துணைநிரலும் எந்தப் பதிப்பு என்று குறித்துவைக்கும் கணக்கேடு. அதை நீக்கிவிட்டால், நம் கணிப்பொறியில் ஓடுவது நண்பர் கணிப்பொறியில் ஓடாமற்போகலாம். நாம் எழுதும் நிரல்களுக்கு 'எஸ்.ஆர்.சி.' என்னும் உட்கோப்புறை உண்டு. வீட்டின் தலைவாசல் எது? 'இண்டெக்ஸ்.எச்.டி.எம்.எல்.' என்ற கோப்பு.

திருத்தம் அந்தத் தலைவாசலில் தொடங்க வேண்டும். அங்கே 'லேங்' என்ற குறிப்பில் ஆங்கிலத்தைச் சுட்டும் 'இ.என்.' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். கண்ணால் பார்ப்பவருக்கு இதனால் ஒரு வேறுபாடும் தெரியாது. ஆயின் பார்வையற்ற மாணவனின் நிலை என்ன? அவனுக்குப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் இக்குறிப்பைக் கொண்டே குரலைத் தேர்கிறது. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரலிடம் ஒப்படைத்தால் அது குழறும், அல்லது ஊமையாகும். ஆகவே 'இ.என்.' என்பதைத் 'டி.ஏ.' என்று மாற்றுக. பக்கத்தின் நடுவே கன்னட அறிவிப்பு வருமாயின், அப்பகுதிக்கு மட்டும் 'கே.என்.' என்று தனியே குறிக்கலாம். 'ஈஸ்பீக்' போன்ற இலவசக் குரல் நிரல்கள் இரு மொழிகளையும் பேச வல்லவை. இரண்டெழுத்துத் திருத்தந்தான், ஆனால் ஒரு மாணவனுக்குக் கதவு திறக்கிறது!

அடுத்தது எழுத்துரு. முன்னாளில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறிமுறையை வைத்திருந்தது. ஒன்றில் தமிழாகத் தெரிவது மற்றொன்றில் கிறுக்கலாகத் தெரிந்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழும் இடம்பெற்றது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியை ஏற்றது. அந்தத் தொல்லை ஒழிந்தது, வேறொன்று எஞ்சியுள்ளது. வார்ப்புருவோடு வரும் நடைதாள் உரோமன் எழுத்தை எண்ணி எழுதப்பட்டது. 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்ற தமிழ் எழுத்துருவை அதில் நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது 'பான்ட் டிஸ்ப்ளே' என்ற இடத்தில் 'ஸ்வாப்' என்று எழுதுக. இல்லையேல் எழுத்துரு வந்து சேரும்வரை சில நொடிகள் வெற்றிடமே தெரியக்கூடும். 'ஸ்வாப்' என்றிருந்தால், கைப்பேசியில் உள்ள எழுத்திலேயே செய்தி உடனே தெரியும். நம் எழுத்துரு பின்னர் வந்து அமரும். மேலும், தமிழ் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் உண்டாதலின் வரி இடைவெளியைச் சற்றே கூட்டுக. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'மேப்' என்றிருந்த பொத்தானில் 'வரைபடம்' என்று எழுதவேண்டி வரும். பொத்தான்களுக்கு அகலத்தை அறுதியிட்டு வைத்தால் சொல் வெளியே பிதுங்கும்.

மூன்றாவது, எழுத்தெண்ணிக்கை. 'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்து? பள்ளிச் சிறுவனும் மூன்று என்பான். ஜாவாஸ்கிரிப்ட் ஐந்து என்னும்! இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. தலைப்பு நீண்டால் நான்காம் எண்ணில் வெட்டுக என்று நிரலில் எழுதினால், புள்ளி உதிர்ந்து 'தமிழ' என்று நிற்கும். மெய் உயிர்மெய்யாகிவிட்டால் பொருளும் கெடுமன்றோ! உலாவிகளில் உள்ள 'இன்ட்டெல் செக்மென்ட்டர்' என்னும் வசதி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை ஒன்றாகவே கொள்ளும். வெட்டும் வேலையை அதனிடம் விடுக.

நான்காவது, அகரவரிசை. ஆட்டக்காரர் பட்டியலில் சக்தி, சகாயம், பவுல், பழனி என்று நால்வர் இருப்பதாகக் கொள்வோம். நம் வரிசைப்படி, 'க்' என்னும் மெய் 'கா'வுக்கு முன்னது. ஆகவே சக்தி முந்துவார். வகரம் ழகரத்துக்கு முன்னது. ஆகவே பவுல் முந்துவார். ஆனால் ஒருங்குறி எண்களின்படி அடுக்கினால் சகாயமும் பழனியும் முந்திக்கொள்வர். நால்வர் பட்டியலில் இது சிறு பிழை. நானூற்றுவர் பட்டியலிலோ, தேடும் பெயர் இருக்குமிடத்தில் இராது. 'இன்ட்டெல் கொலேட்டர்' என்ற வசதிக்கு மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால், பட்டியலைத் தமிழ் வரிசையில் அடுக்கித் தரும். அகராதி தந்தவரின் பெயர் பூண்ட நகரில் அகரவரிசை பிழைக்கலாமா?

தளத்தை வெளியிடுமுன் இரண்டு எச்சரிக்கைகள். சூழல் மாறிகளில் 'வீட்' என்ற முன்னொட்டும் அடிக்கோடும் கொண்டு தொடங்குபவை, நிரலில் எடுத்தாளப்படும்போது உலாவிக்குச் செல்லும் கோப்புகளில் பதிந்துவிடும், எவரும் படிக்கலாம். கடவுச்சொல்லை அங்கே வைப்பது, சாவியை வாசற்படியில் வைப்பதை ஒக்கும். அடுத்து, 'என்.பி.எம். ரன் பில்ட்' என்ற கட்டளை 'டிஸ்ட்' என்னும் கோப்புறையில் முடிவுற்ற தளத்தை வைக்கும். தளம் முகவரியின் முதலிடத்தில் இருக்கும் என்று 'வீட்' கருதிக்கொள்கிறது. கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்களில், தளம் உட்பாதையில் இருக்குமாயின், அமைப்புக் கோப்பில் 'பேஸ்' என்ற இடத்தில் அப்பாதையைக் குறிக்க வேண்டும். மறந்தால் படமும் நடையும் வாரா. வெள்ளைப் பக்கமே மிஞ்சும்.

நிறமும் படமும் மாற்றுவதையே பலர் 'தனதாக்குதல்' என்று எண்ணுகின்றனர். அவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். வார்ப்புருவைச் செய்தவர் நம்மை வஞ்சிக்கவில்லை. அவர் கண்முன் இருந்த படிப்பாளர் வேறு, நம் கண்முன் இருப்பவர் வேறு, அவ்வளவே. மொழிக் குறிப்பு, எழுத்துரு, எழுத்தெண்ணிக்கை, அகரவரிசை ஆகிய நான்கையும் முதலில் திருத்துக. பின்னர்ப் பக்கத்தை ஒரு மலிவான கைப்பேசியில் திறந்து, வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அவர் உதவியின்றி விடை சொல்லிவிட்டால், தளம் நிறைவுற்றது என்று கொள்ளலாம்.