ஐந்து வினாடி

2015 அக்டோபர். ஹவாயில் கோனா என்ற கடலோர ஊர். நன்றாக இருட்டிவிட்ட நேரத்தில், ஜப்பானியரான ஹிரோமு இனாடா முடிவுக்கோட்டுக்கு அருகே தடுமாறி விழுந்தார். எழுந்தார். கோட்டைத் தாண்டினார். அப்போது அவருக்கு வயது 82. காலையில் கடலில் இறங்கியவர், நீந்தி, சைக்கிள் மிதித்து, மராத்தான் ஓடி அங்கே வந்து சேர்ந்திருந்தார். ஆனால் கெடு முடிந்து 5 வினாடி ஆகியிருந்தது. முடித்தவர் கணக்கில் அவர் சேரவில்லை. கோட்டைத் தொட்டும் கோட்டை விட்டார்.

ஈரக் காலில் ஒரு சாக்ஸ் மாட்டக்கூட ஐந்து வினாடி போதாது. ஒரு நாள் முழுக்க நீளும் போட்டியில் அந்த ஐந்து வினாடி எங்கெல்லாம் ஒழுகும் என்று தேடிப் பார்த்தால், நெடுந்தூர ட்ரையத்லான் என்றால் என்ன என்பது தானாகப் புரிந்துவிடும்.

முதலில் தூரம். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக. இடையில் கடிகாரம் நிற்காது. பெரும்பாலான போட்டிகளில் மொத்தக் கெடு 17 மணி நேரம். நீச்சலுக்கு மட்டும் 2 மணி 20 நிமிடம். புறப்பட்டதிலிருந்து பத்தரை மணி நேரத்துக்குள் சைக்கிளை விட்டு இறங்கியிருக்க வேண்டும். தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

இந்த விசித்திரமான எண்களை எந்த விஞ்ஞானியும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. ஹவாயின் ஒவாஹு தீவில் இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ், அவருடைய மனைவி ஜூடி, நண்பர்கள் எல்லோருக்கும் இடையே ஒரு வாக்குவாதம்: உடல் தகுதியில் யார் பெரியவர்? ஓட்டக்காரரா, நீச்சல்காரரா, சைக்கிள்காரரா? அந்தத் தீவில் ஏற்கெனவே ஒரு கடல் நீச்சல் போட்டி, தீவைச் சுற்றிவரும் ஒரு சைக்கிள் பயணம், ஒரு மராத்தான் இருந்தன. மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிட்டால் தகராறு தீர்ந்தது என்றார் காலின்ஸ். முதலில் முடிப்பவருக்கு ‘அயர்ன்மேன்’ என்று பெயர். 1978 பிப்ரவரியில் 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடத்தில் முதலில் வந்தார். இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு உதவிக்கு வந்தவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, பீரைக் கொடுத்து ஓடவிட்டிருக்கிறார்கள். யோசனையைச் சொன்ன காலின்ஸும் அன்று ஓடி முடித்தார், 17 மணி நேரத்தைச் சற்றே தாண்டி. இன்றைய கெடுப்படி பார்த்தால் போட்டியின் தந்தையே தோற்றவர்.

இப்போது முன்னணி வீரர்களின் வேகம் வேறு உலகம். 2024-இல், இந்தப் போட்டி பிற்பாடு இடம்மாறிய கோனாவில், பேட்ரிக் லாங்கே 7 மணி 35 நிமிடத்தில் முடித்தார். ஆனால் களத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஆசிரியர், கணக்காளர், செவிலியர், ஓய்வு பெற்றவர் என்று வேறு பிழைப்பு உள்ளவர்கள். ஐந்தைந்து ஆண்டு இடைவெளியில் வயதுவாரியாகப் பிரித்துப் போட்டியிடுவதால் இவர்களை ‘ஏஜ் குரூப்பர்’ என்பார்கள். இனாடாவும் அப்படி ஒருவர்தான். செய்தியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகுதான் நீச்சல் குளத்துக்கே போனார். எழுபதாவது வயதில் முதல் ட்ரையத்லான்.

இனி போட்டி நாள். வயிற்றில் போட்டது செரிக்க வேண்டும் என்பதால் விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே காலை உணவு முடிந்துவிடும். சைக்கிளை முந்தைய நாளே அதற்கான இடத்தில் நிறுத்தி ஒப்படைத்தாகிவிட்டது. கணுக்காலில் நேரம் கணிக்கும் சிப் கட்டியிருக்கும். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வாஸலீன். அதைத் தடவ மறந்தவர் மாலையில் உப்புநீர் பட்டு எரியும்போது நினைத்துக்கொள்வார்.

கடல் நீச்சல் குளத்து நீச்சல் அல்ல. கோடு கிடையாது, சுவர் கிடையாது, அடியில் தரை தெரியாது. பக்கத்தில் நீந்துபவரின் கால் உங்கள் நீச்சல் கண்ணாடியை உதைத்துத் தள்ளலாம். திசை தப்பாமல் இருக்க, சில வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் முதலைபோல நீருக்கு மேலே உயர்த்தி மிதவையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்காமல் நீந்தினால் 3.8 கிலோமீட்டர் நாலைத் தாண்டிவிடும். முதல் சில நிமிடங்களில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுவது அனுபவசாலிகளுக்கும் வருவதுதான். ட்ரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலின்போதுதான் நேர்கிறது. ஆகவே இங்கே வீரம் காட்ட வேண்டியதில்லை. காவலுக்கு நிற்கும் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். அதைப் பிடித்தபடி முன்னேறாதவரை தகுதி போகாது. இதைத் தெரிந்துவைத்திருப்பதே பாதி பயத்தைப் போக்கிவிடும்.

கரையேறியதும் உடை மாற்றி சைக்கிள் எடுக்கும் இடைவேளை. ‘ட்ரான்ஸிஷன்’ என்று பெயர். ஐந்து வினாடிகள் கொத்துக் கொத்தாகத் தொலைகிற இடம் இது. பையைத் தேடுவது, ஈரத் துணியோடு மல்லுக்கட்டுவது, எந்த வரிசையில் சைக்கிளை வைத்தோம் என்று விழிப்பது. தலைக்கவசத்தை மாட்டி, வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம் என்பது விதி. அவசரத்தில் இதை மறந்தால் தண்டனை உண்டு.

அடுத்து வருவது சைக்கிள், நாளின் மிகப் பெரிய துண்டு. 180 கிலோமீட்டர் என்பது சென்னையில் புறப்பட்டு, கடற்கரைச் சாலையில் புதுச்சேரியைத் தாண்டி, கடலூர் அளவுக்குப் போகும் தூரம். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டி, காற்றுத் தடையைத் தவிர்ப்பதும் கூடாது. வழக்கமாக 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். காற்றை அவரவரே வெட்டிப் போக வேண்டும். கோனாவில் அந்தக் காற்றுதான் பெயர்போனது. கறுத்து இறுகிய எரிமலைப் பாறைகளுக்கு நடுவே, நிழலே இல்லாத நெடுஞ்சாலை. ஹாவி என்ற ஊரை நெருங்கும்போது பக்கவாட்டில் அடிக்கும் காற்று சைக்கிளோடு ஆளைச் சாய்க்கப் பார்க்கும்.

ஆனால் புதியவரைக் கெடுப்பது காற்றல்ல, முதல் 60 கிலோமீட்டர். அப்போது கால்கள் புதிதாக இருக்கும், கூட்டம் ஆர்ப்பரிக்கும், எல்லாம் லேசாகத் தோன்றும். சம்பளம் வந்த முதல் வாரம் போல. அந்த வாரத்தில் தாராளமாகச் செலவழித்தவர் கடைசி வாரத்தில் என்ன பாடுபடுவார் என்பது நமக்குத் தெரியும். ஓட்டம்தான் அந்தக் கடைசி வாரம். எனவே சைக்கிளில் பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள் பயிற்சியாளர்கள். நம்மைவிடப் பருமனான ஆள் விர்ரென்று முந்திப் போவார். போகட்டும் என்று விடுவதற்குத்தான் உண்மையான பயிற்சி தேவை.

இந்தக் கஞ்சத்தனத்துக்கு உடலுக்குள் ஒரு காரணம் இருக்கிறது. தசையிலும் ஈரலிலும் சேமித்துவைத்த சர்க்கரை, அதாவது கிளைகோஜன், மொத்தம் சுமார் 2,000 கலோரிதான். இது கைக்காசு. போட்டி முழுக்கத் தேவைப்படுவதோ அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஒல்லியான ஆளிடமும் கொழுப்பு ஏராளமாக உண்டு. ஆனால் அது வங்கியில் போட்டுவைத்த வைப்புநிதி மாதிரி, அவசரத்துக்கு மளமளவென்று எடுக்க முடியாது. மெதுவாக மிதித்தால் கொழுப்பிலிருந்து பெரும் பங்கு வரும். வேகம் கூட்டினால் கைக்காசு கரையும். அது தீர்ந்த நேரத்தில் கால் நின்றுவிடும், தலை சுற்றும், எதற்கு இங்கே வந்தோம் என்று அழுகை வரும். மனதில் உறுதி இல்லாததால் அல்ல, சர்க்கரை இல்லாததால்.

அதனால்தான் சாப்பாட்டை நான்காவது விளையாட்டு என்கிறார்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து சாதாரண இலக்கு. ஏறக்குறைய ஐந்தாறு இட்லி. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் உறிஞ்சும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு வழி இருப்பதால், இரண்டையும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். கடையில் விற்கும் ஜெல் பாக்கெட்டுகளில் இரண்டையும் கலந்து வைத்திருப்பது இதற்காகத்தான். சிக்கல் என்னவென்றால், வெயிலில் உழைக்கும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடிவிடும். வயிற்றுக்கு மிச்சம் கொஞ்சம்தான். உள்ளே போனது அப்படியே கிடந்து குமட்டும். ஆகவே கால்களைப் பழக்குவது போலவே வயிற்றையும் மாதக்கணக்கில் பழக்க வேண்டும். போட்டி நாளில் புதிதாக எதையும் வாயில் வைக்காதே என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் முதல் புத்திமதி, எல்லோரும் ஒருமுறையாவது மீறுவதும் அதுதான்.

தண்ணீர் விஷயத்தில் நம் வீட்டுப் புத்தி தவறாகப் போகும். நிறையக் குடி, நல்லது என்றுதான் நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். மெதுவாகப் போகிறவர், ஒவ்வோர் இடத்திலும் நின்று வயிறு முட்டக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குழப்பம், வாந்தி, முற்றினால் வலிப்பு, உயிராபத்து. இதைப் பார்ப்பவர்கள் நீர்வறட்சி என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பது இன்னும் ஆபத்து. தாகத்துக்குக் குடிப்பது, உப்பையும் சேர்த்துக்கொள்வது, இவ்வளவுதான் எளிய வழி.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கும்போது கால் நம்முடையதாகவே இருக்காது. மணிக்கணக்கில் வட்டமாகச் சுற்றிப் பழகிய கால், நேராக வீசி நடக்க மறுக்கும். செங்கல் கட்டியதுபோல் கனக்கும். சைக்கிள் மிதித்த கையோடு ஓடிப் பழகும் பயிற்சிக்கு ‘பிரிக்’ என்ற பெயர் இருக்கிறது. அப்படி ஓடிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே படும்.

கெடுவுக்குள் முடிக்க மராத்தானை முழுக்க ஓட வேண்டியதே இல்லை. ஒருவர் நீச்சலை 1 மணி 40 நிமிடத்திலும், சைக்கிளை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் 7 மணி 12 நிமிடத்திலும் முடித்து, உடை மாற்ற 20 நிமிடம் எடுத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டம் தொடங்கும்போது 9 மணி 12 நிமிடம். கையில் 7 மணி 48 நிமிடம் இருக்கிறது. கிலோமீட்டருக்கு 11 நிமிடம். வேகமாக நடந்தாலே போதும். அதே ஆள் நீச்சலில் 2 மணி 15 நிமிடம் எடுத்து, சைக்கிளில் சராசரி 22 கிலோமீட்டராக இறங்கிவிட்டால், உடை மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் பத்தரை மணி நேரக் கெடுவே தாண்டிவிடும். ஓட்டத்தைப் பார்க்கவே முடியாது. நீச்சலில் 35 நிமிடமும், சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் வேக வித்தியாசமும்தான் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டப் பாதையில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டருக்கு ஓர் உதவி மேடை இருக்கும். ஐஸ், ஆரஞ்சு, வாழைப்பழம், கோலா, இருட்டிய பிறகு சூடான சூப். ஒவ்வொன்றிலும் 20 வினாடி கூடுதலாக நின்றால் 25 மேடைக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஐந்து வினாடிக்காகத் தவிப்பவருக்கு எட்டு நிமிடம் பெரிய சொத்து. அதற்காக நிற்காமல் ஓடினால் சர்க்கரை தீர்ந்து நடக்க வேண்டிவரும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை முப்பதாவது கிலோமீட்டரில், சோர்ந்துபோன மூளையை வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தார் சாலையோரம் நின்று கத்தலாம். ஒரு வாழைப்பழம் நீட்டக் கூடாது. வெளியார் உதவிக்குத் தடை. கோனாவில் ஆறு மணி சுமாருக்கு இருட்டிவிடும். பிறகு எரிமலைப் பாறை நடுவே தலைக்கு மேல் நட்சத்திரமும், எதிரே வருபவரின் மினுக்கும் ஒளிப்பட்டையும்தான் துணை.

இதற்குத் தயாராக வாரத்துக்குப் பத்து முதல் பதினைந்து மணி நேரம், பல மாதம் வேண்டும். சனிக்கிழமை விடியலில் சைக்கிளில் கிளம்பி மதியம் வந்து, சாப்பிட்டுத் தூங்கிவிடுகிற ஆளோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்பதை அந்த வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள். பதக்கத்தில் பாதி அவர்களுடையது என்று வீரர்கள் சொல்வதில் கொஞ்சமும் மிகை இல்லை. பணமும் ஆகும்: சைக்கிள், நுழைவுக் கட்டணம், விமானம். எளிய மக்களின் விளையாட்டு இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்தியாவில் முழுத் தூரத்துக்குப் போவதற்கு முன், 2019-இலிருந்து கோவாவின் மிராமர் கடற்கரையில் நடக்கும் பாதித் தூரப் போட்டியில் பலர் காலை நனைக்கிறார்கள்: 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம். பாதி என்றாலும் நாள் முழுக்கப் பிழிந்தெடுத்துவிடும். நீந்தத் தெரியாதவர் அங்கே பதிவு செய்வதற்கு முன் நீந்தக் கற்றுக்கொள்வது நல்லது. மருத்துவரிடம் இதயத்தைக் காட்டிவிட்டு வருவது அதைவிட நல்லது.

முடித்த மறுநாள் பார்த்தால் அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். படிக்கட்டில் பின்பக்கமாக இறங்குவார்கள். முன்தொடை அப்படி இறுகியிருக்கும். சிலருக்குக் கால் விரல் நகம் கறுத்திருக்கும்.

இனாடா 2016-இல் மறுபடியும் கோனாவுக்கு வந்து, 83 வயதில் கெடுவுக்குள் முடித்தார். 2018-இல் மீண்டும் வந்தார். 85 வயது. 16 மணி 53 நிமிடம் 49 வினாடி. இந்தத் தடவை கையில் சில நிமிடம் மிச்சம் இருந்தது.