கட்டம் போட்டு வரைந்த காலம்

எழுபதுகளின் இறுதியில் ஒரு சிற்றூர்ப் பிள்ளைக்குப் படம் வரையக் கிடைத்தவை சொற்பம். சிலேட்டு, பலப்பம், அடுப்புக்கரி, உடைந்த செங்கல், சீவிச் சீவிக் குட்டையாகிப்போன ஒரு நடராஜ் பென்சில். பச்சை வேண்டுமென்றால் அவரை இலையைக் கசக்கித் தேய்ப்போம். மஞ்சளுக்கு அடுக்களை இருந்தது. செம்பருத்தி இதழைத் தேய்த்தால் தாளில் ஊதா ஏறும். வகுப்பில் யாரிடமாவது கேமல் வாட்டர் கலர் பெட்டி இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார அடிபிடி நடக்கும். இன்று அதே ஊர் ஸ்டேஷனரி கடையில் ஆயில் பேஸ்டல், அக்ரிலிக், பிரஷ் பென், வாட்டர் கலருக்கென்றே தடித்த தாள் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு படத்தை நகலெடுக்க அன்று தாளில் தேங்காய் எண்ணெய் தடவுவோம். அடியில் உள்ள கோடு தெரியும். பெரிதாக்க வேண்டுமென்றால் கட்டம். வாரப் பத்திரிகையில் வந்த சிவாஜியின் முகத்தின் மேல் அரை அங்குலக் கட்டங்கள், சார்ட் பேப்பரில் ஓர் அங்குலக் கட்டங்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்துக்குள் மூக்கு என்று எதுவும் இருக்காது. இடது ஓரத்தில் தொடங்கி, கீழ்க்கோட்டை நடுவில் தொடும் ஒரு வளைவு மட்டுமே இருக்கும். அந்த வளைவை அப்படியே போட்டால் மூக்கு தானாக வந்து சேரும். மனத்தில் இருக்கும் மூக்கை ஒதுக்கிவிட்டு எதிரில் இருப்பதைப் பார்க்க, கண் அப்படித்தான் பழகியது.

இன்று செல்போன் செயலி நொடியில் கட்டம் போட்டுத் தருகிறது. ஐபேடில் படத்தை அடியில் வைத்து மேலே வரையலாம். பிசகினால் இரண்டு விரலால் ஒரு தட்டு, கோடு மறைந்துவிடும். அன்று ரப்பர் போட்ட இடம் பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும், வண்ணம் சீராகப் பிடிக்காது. அதனால் யோசித்துவிட்டுக் கோடு போட்டோம். இன்றைய பிள்ளைகள் கோட்டைப் போட்டுவிட்டு யோசிக்கிறார்கள். பயம் போனது பெரிய லாபம். கூடவே கொஞ்சம் நிதானமும் போயிற்று.

எங்களுக்குப் பத்திரிகைகளே குரு. கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு மணியம் வரைந்த ஓவியங்கள், வீடுகளில் பைண்டு செய்த தொகுப்புகளாக எங்கள் தலைமுறைவரை வந்து சேர்ந்தன. ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்கள், கோபுலுவின் கோடுகள், அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் என்று பார்த்துப் பார்த்துப் போட்டோம். அடுத்த அம்புலிமாமா வர ஒரு மாதம் ஆகும். ஆகவே தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் அந்த ஒரே ராஜாவை மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் அச்சில் நாங்கள் கண்டதெல்லாம் முடிந்த படம். வரைந்த கையைக் கண்டதில்லை. கை அசைவதைப் பார்க்கத் தெருவுக்குத்தான் போக வேண்டும். சாரத்தில் நின்று சினிமா பேனர் எழுதியவர்களும் எங்களைப் போலவே கட்டம் போட்டார்கள் என்று கண்டபோது உண்டான பெருமிதம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஃபிளெக்ஸ் வந்து அந்தச் சாரங்களை அகற்றிவிட்டது. மாறாக, இன்று எந்தக் கிராமத்துப் பெண் குழந்தையும் யூடியூபில் உலகின் தேர்ந்த ஓவியர்களின் தூரிகை எப்படித் திரும்புகிறது என்று காசில்லாமல் பார்க்கலாம். எங்களுக்கு வாய்க்காத பாக்கியம் அது. ஒரே படத்தோடு ஒரு மாதம் இருக்கும் வாய்ப்புத்தான் அவளுக்கு இல்லை.

பள்ளியில் டிராயிங் மாஸ்டர் இருந்தார். வாரம் ஒரு பீரியடாவது அவருடையது. ஆர்வமுள்ளவர்களை லோயர், ஹையர் ஓவியத் தேர்வுகளுக்கு அவரே தயார்செய்வார். பின்னால் வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் பென்சிலை வாங்கி ஒரு கோடு போட்டுக் காட்டுவார். அந்த ஒரு கோட்டில் பாடம் முடிந்துவிடும். 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேரப் பணியிடங்கள் நிரப்பப்பட்டன. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பத்தாண்டுக்கு மேல் கழித்து அது 12,500 ஆயிற்று. 2022இல் தொடங்கிய கலைத் திருவிழா, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியங்களுக்கு மேடை தந்திருக்கிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால் திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை. கை பழக வாராவாரம் ஒரு மணி நேரம் வேண்டும்.

வண்ணமும் தாளும் பாடமும் இன்று வீட்டுக்கே வந்துவிட்டன. குறைவது இரண்டு: பிள்ளைக்கு ஓய்ந்த ஒரு மாலைப்பொழுது, பின்னால் வந்து நிற்க ஓர் ஆசிரியர். முதலாவதை வீட்டில் நாமே தந்துவிடலாம். இரண்டாவதை, நிரந்தரப் பணியும் முழுச் சம்பளமும் உள்ள ஓவிய ஆசிரியராக ஒவ்வொரு பள்ளிக்கும் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றி விசாரித்து முடித்ததும், டிராயிங் பீரியட் என்றைக்கு என்று கேளுங்கள்.