உறைபனி வகுத்த எல்லை

நீலகிரியின் மேற்கு விளிம்பில், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது முக்குருத்தி தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர். மலைச்சரிவுகளெல்லாம் புல்வெளி, ஓடை ஓடும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்து இருண்ட சோலைக் காடு. காட்டின் ஓரத்திலிருந்து சில அடி நடந்தால் போதும், மரமே இல்லாத வெளி தொடங்கிவிடும்.

மழைக்குக் குறைவில்லாத மலையில் மரங்கள் ஏன் புல்வெளிக்குள் பரவவில்லை? முக்கியமான காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி மாதங்களில், மேகமற்ற இரவுகளில் புல்வெளியின் வெப்பம் வானுக்குப் போய்விடுகிறது. நிலம் உறைநிலைக்குக் கீழே குளிர்கிறது. சோலைக்குள் நெருங்கிய இலைக்கூரை வெப்பத்தைத் தக்கவைக்கிறது. புல்வெளியில் விழும் சோலை விதை முளைத்தாலும் அந்தக் குளிரில் கருகிப்போகும். புல்லோ மேலே காய்ந்தாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

ஆகவே இந்தப் புல்வெளியைக் காடழிந்த நிலம் என்று நினைப்பது தவறு. அதற்கு மண்ணிலேயே சான்று இருக்கிறது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு வேறு. அதனால் அவற்றில் சேரும் கார்பன்-13 என்ற கார்பன் வகையின் அளவும் வேறுபடும். நீலகிரிச் சதுப்புகளில் மட்கிப் படிந்த தாவர அடுக்குகளை சூழலியலாளர் ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் இந்த வேறுபாட்டைக் கொண்டு ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, உலகம் பனியுகத்தில் இருந்தபோதே, இங்கே புல் செழித்திருந்தது தெரியவந்தது. வறண்ட காலங்களில் புல்லும் ஈரமான காலங்களில் மரமும் ஓங்கியிருக்கின்றன.

இந்தப் புல்லை நம்பித்தான் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு வாழ்கிறது. திறந்த சரிவில் மேயும். ஆபத்து வந்தால் செங்குத்துப் பாறைக்குத் தாவிவிடும். அதற்குப் பார்வை மறைக்காத வெளி வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்கும் இதுதான் வீடு.

இதன் அருமை தெரியாமல், வெறும் தரிசென்று எண்ணி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தை விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் நட்டார்கள். சோலை நாற்றைக் கொல்லும் குளிரைச் சீகை தாங்கிக்கொள்கிறது. பனி காத்துவந்த எல்லையை அது எளிதாகக் கடந்து, புல்வெளியை மூடிக்கொண்டே போகிறது.

பைக்காரா, பவானி ஆறுகள் ஊற்றெடுப்பதும் இந்த மலைமேட்டில்தான். மரம் நடுவது எங்கும் நன்மையே என்ற எண்ணத்தை இங்கே கைவிட வேண்டும். சீகையை அகற்றிப் புல்லை மீட்பதே இந்த மலைக்கும், அதன் நீரை நம்பியிருக்கும் சமவெளிக்கும் நாம் செய்ய வேண்டிய கடமை.