மருந்துக் காப்பீடு: பிரீமியத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் 65 வயதைத் தொட்டவர்களுக்கு அரசின் மெடிகேர் திட்டம் இருக்கிறது. ஆனாலும் அன்றாடம் விழுங்கும் மாத்திரைகளுக்கு, 2006-இல் தொடங்கிய ‘பார்ட் டி’ காப்பீட்டைத் தனியாகவோ, மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தோடு சேர்த்தோ எடுக்க வேண்டும். இவற்றை நடத்துபவை தனியார் நிறுவனங்கள். பிரீமியம் குறைவு என்று சேர்ந்துவிட்டு, மருந்துக் கடையில் பில்லைப் பார்த்துத் திகைக்கும் முதியவர்கள் பலர்.

பணம் போகும் வழிகள்

பிரீமியம் மாதந்தோறும் கட்டுவது. அடுத்தது டிடக்டிபிள்: காப்பீடு தன் பங்கைக் கொடுக்கும் முன் நாமே கட்டவேண்டிய தொகை. 2026-இல் இது 615 டாலரைத் தாண்டக் கூடாது. அதன் பிறகும் ஒவ்வொரு மருந்துக்கும் நம் பங்கு உண்டு. ஒரு நிறுவனம் மலிவான அடுக்கில் வைத்திருக்கும் மாத்திரையை இன்னொன்று விலை உயர்ந்த அடுக்கில் வைத்திருக்கும்; தான் ஏற்கும் மருந்துகளின் பட்டியலிலேயே சேர்க்காமலும் விட்டிருக்கும்.

மருந்துக்காக நாம் கட்டும் தொகை 2026-இல் 2,100 டாலரை எட்டிவிட்டால், பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அந்த ஆண்டு மேற்கொண்டு கட்ட வேண்டியதில்லை. ஆனால் பிரீமியமும் பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்தின் விலையும் இந்தக் கணக்கில் வராது. பட்டியலில் உள்ள இன்சுலின் ஒவ்வொன்றுக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் கேட்க முடியாது.

தாமதித்தால் அபராதம்

“இப்போது மாத்திரை எதுவும் இல்லையே” என்று தள்ளிப்போடுவது ஆபத்து. சேர வேண்டிய காலம் முடிந்தபின், இணையான வேறு காப்பீடு இல்லாமல் 63 நாட்களோ அதற்கு மேலோ கழிந்தால், விடுபட்ட ஒவ்வொரு முழு மாதத்துக்கும் தேசிய அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம் கூடும். 20 மாதம் விட்டவர் 2026-இல் மாதம் 7.80 டாலர் கூடுதலாகக் கட்டுவார். பெரும்பாலும் திட்டத்தில் இருக்கும்வரை இந்தச் சுமை தொடரும். பிள்ளைகளோடு வாழ கிரீன் கார்டில் வந்து, ஐந்தாண்டு தொடர்ந்து வசித்து மெடிகேருக்குத் தகுதி பெறும் தமிழ்ப் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் உரிமைகள்

மருந்து மறுக்கப்பட்டால் மருத்துவரின் விளக்கத்தோடு விதிவிலக்கு கேளுங்கள். விளக்கம் கிடைத்த 72 மணி நேரத்துக்குள், அவசரமென்றால் 24 மணி நேரத்துக்குள், நிறுவனம் முடிவு சொல்லியாக வேண்டும். அதுவும் பாதகமானால் மேல்முறையீடு உண்டு.

வருமானமும் சேமிப்பும் குறைவானவர்கள் ‘எக்ஸ்ட்ரா ஹெல்ப்’ உதவிக்கு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சட்டம் தந்த உரிமை இது. ஆண்டுத் தொடக்கத்தில் பெரிய தொகை கட்ட முடியாதவர்கள், அதை மாதத் தவணையாகப் பிரிக்கும்படி தங்கள் திட்டத்திடம் கேட்கலாம்.

திட்டங்கள் ஆண்டுதோறும் மாறுகின்றன. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை வேறு திட்டத்துக்கு மாறலாம். அதற்குள் மருந்துகளின் பெயர், அளவு, வாங்கும் கடை மூன்றையும் எழுதி, மெடிகேர் இணையதளத்தில் முழு ஆண்டுச் செலவை ஒப்பிடுங்கள். குழப்பமாக இருந்தால், மாநிலந்தோறும் உள்ள ‘ஷிப்’ ஆலோசகர்கள் கட்டணமின்றி உதவுவார்கள். பன்னிரண்டு மாத பிரீமியத்தோடு மருந்துச் செலவையும் கூட்டிப் பார்த்து, எது குறைவோ அந்தத் திட்டத்தில் சேருங்கள்.