பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் என்ன இருக்கிறது?



"பையன் ஏழாவது படிக்கிறான். சயின்ஸ்னு ஏதோ எழுதிக்கிட்டு இருக்கான். அதப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" குழுக் கூட்டங்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இந்த மாதம் சேமிப்பில் யார் பாக்கி, வட்டி எவ்வளவு என்று நோட்டைப் பார்க்காமலே சொல்கிற உறுப்பினர்தான், பிள்ளையின் புத்தகத்தைக் கண்டால் தள்ளி வைத்துவிடுகிறார். அந்தப் புத்தகத்தில் பாதிக்கு மேல் நம் வீட்டு, வயக்காட்டு விஷயம்தான். 6, 7, 8 வகுப்புகளுக்கு 2018-லும் 2019-லும் மாற்றி அமைக்கப்பட்ட அரசுப் பாடநூல்களைப் பார்த்து இதை எழுதுகிறோம்.

இந்த மூன்று வகுப்பிலும் அறிவியல் ஒரே பாடம். இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். அளவீடு, விசை, வெப்பம், மின்சாரம், காந்தம் ஒரு பக்கம். நீர், காற்று, அமிலம், காரம் ஒரு பக்கம். செல், உடல் உறுப்புகள், நுண்ணுயிர்கள், பயிர் வளர்ப்பு இன்னொரு பக்கம். பெயரைக் கேட்டால்தான் பயமாக இருக்கிறது. நாற்று விடுவதற்கு முன்னால் விதை நெல்லைத் தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பதரை அள்ளி எறிகிறோமே, அது அறிவியல்தான். உள்ளே அரிசி பிடிக்காத நெல் எடை குறைந்து மிதக்கிறது. இட்லி மாவு ராத்திரியில் பொங்குவதும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவில் வளர்ந்து கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. மார்கழிக் குளிரில் அவை மெதுவாக வேலை செய்வதால்தான் மாவு புளிக்க நேரமாகிறது.

அமிலம், காரம் பாடத்தில் ஒரு சோதனை வரும். அதை நாம் கல்யாண வீட்டில் செய்துகொண்டே இருக்கிறோம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் ரத்தச் சிவப்பாக மாறுகிறதல்லவா? மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் காரம் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு ஒரு காரம். சோப்பிலும் காரத்தன்மை உண்டு, அதனால்தான் மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்பு போட்டால் அந்த இடம் சிவக்கிறது. சிவந்த ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே வாருங்கள், மறுபடி மஞ்சளாகும். எலுமிச்சை அமிலம். இதற்கு ஆய்வகமே வேண்டாம். பிள்ளை "நிறங்காட்டி" என்று மனப்பாடம் செய்யும்போது ஒரு கிண்ணத்தில் இதைச் செய்து காட்டினால் ஜென்மத்துக்கும் மறக்காது.

உடல்நலம் பற்றிய பாடத்தில் சத்துக் குறைவு அட்டவணை இருக்கிறது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண், அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை, இரும்புச்சத்து குறைந்தால் ரத்தசோகை. எங்களுக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. நம் பெண் பிள்ளைகள் இந்த விடையைச் சரியாக எழுதி மார்க் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் அவர்களுக்கே வெளுத்துக் கிடக்கிறது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பல பிள்ளைகள் "குமட்டுது" என்று துப்பிவிடுகிறார்கள். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது, டீ இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்தால் நன்றாகச் சேரும். குடற்புழு மாத்திரையையும் விடக்கூடாது. புழு இருந்தால் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. உடம்பில் ஏற்படும் மாற்றங்கள், ஹார்மோன்கள், மாதவிடாய் எல்லாம் அதில் வருகின்றன. பல இடங்களில் இந்தப் பாடத்தை "வீட்ல படிச்சுக்கோங்க" என்று சொல்லிக் கடந்துவிடுவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. பிறகு அந்தப் பெண் யாரிடம்தான் கேட்பாள்? நாம் உட்கார்ந்து அவளோடு அந்தப் பக்கங்களைப் படித்துவிடலாம். படிக்கத் தெரியாத அம்மாக்கள் மகளை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஆண் பிள்ளைகளுக்கும் அதே பாடம்தான், அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

எட்டாவதோடு நிறுத்திவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "மூணும் பொட்டப் புள்ளையா பெத்துப் போட்டுட்டா" என்று ஏச்சு வாங்காத குழு உண்டா? ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் குரோமோசோம் அப்பாவிடமிருந்து வருகிறது. அம்மாவிடம் இருப்பது இரண்டும் எக்ஸ். அப்பாவிடம் எக்ஸும் உண்டு, ஒய்யும் உண்டு. அப்பாவின் எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண். அம்மாவைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை. அப்பாவும் வேண்டுமென்று செய்வதில்லை என்பது வேறு விஷயம். இந்தப் பாடம் பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. எட்டாவதில் பள்ளியை விட்டு நின்ற பெண் இதைப் படிக்காமலேயே கல்யாணமாகிப் போய், அதே ஏச்சைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். நம் குழுக்களிலிருந்து பலர் அதில் இருக்கிறார்கள். கூட்டத்தில் சத்துணவு, கழிப்பறை பற்றிப் பேசுவதோடு இதையும் கேளுங்கள்: வளரிளம் பருவப் பாடத்தை வகுப்பில் நடத்தினார்களா? சோதனைகளைப் பிள்ளைகள் கையால் செய்தார்களா, ஆசிரியர் செய்து காட்டியதோடு சரியா? 6 முதல் 8 வகுப்புப் பிள்ளைகள் சோதனைகள் செய்து பார்ப்பதற்காகவே 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. அது நம் ஊர்ப் பள்ளியில் எப்படி நடக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் விசாரியுங்கள். கேட்டு வந்த பதிலை அடுத்த குழுக் கூட்டத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.