வீட்டு நாயின் உரோமமும் அதனைக் காக்கும் முறையும்

கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை முதலிய ஊர்களும், அவற்றை அடுத்துக் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள களியக்காவிளை முதலிய ஊர்களும் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று வெவ்வேறு இராஜ்யங்களில் சேர்க்கப்பட்டன. எனினும், இவற்றின் மழையும் வெயிலும் இன்றளவும் ஒன்றேயாம். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்ந்த சில வாரங்களுக்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. இத்தகைய நாட்டில் நீண்ட உரோமமுள்ள நாயை வளர்ப்போர் பலர், மார்ச் மாத வெயில் உறைக்கத் தொடங்கியதும், நாய்க்குப் புழுக்கம் தணியும் என்று கருதி அதன் மயிரைத் தோலோடு ஒட்ட மழித்துவிடுகின்றனர். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இக்காரியம் பெரும்பாலும் நாய்க்குத் தீங்காகவே முடிகிறது. அதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், நாயின் உரோமம் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் காண வேண்டும்.

மனிதனின் தலையில் ஒரு துளையிலிருந்து பொதுவாக ஒன்றிரண்டு மயிர்களே முளைக்கின்றன. நாயின் தோலிலோ ஒரே துளையிலிருந்து ஒரு தடித்த மயிரும், அதனைச் சூழ்ந்து பல மெல்லிய மயிர்களும் ஒரு கொத்தாக வெளிவருகின்றன. தடித்தது வெளிமயிர், மழைநீரை வழியச் செய்வதும், வெயிலையும் முள்ளையும் தடுப்பதும் அதன் வேலை. மெல்லியவை அடிமயிர், தோலுக்கு அருகே காற்றைத் தேக்கிவைத்து, வெப்பம் விரைவாக உட்புகாமலும் வெளியேறாமலும் காப்பவை இவை. நம் நாட்டில் ‘பொமரேனியன்’ என்றே வழங்கப்படும் ஸ்பிட்ஸ் இனத்திலும், ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் ஆகிய இனங்களிலும் இவ்விரு அடுக்குகளும் தெளிவாகக் காணப்படும். வீடுதோறும் காவல் காக்கும் நாட்டு நாய்க்கும் இராஜபாளையம் நாய்க்கும் மயிர் குட்டையாக இருப்பதால், அவற்றிற்குக் கத்தரிக்கோல் ஒருபோதும் தேவைப்படுவதில்லை. ஷிட்சூ, லாசா ஆப்ஸோ, பூடில் ஆகியவை இவற்றிலிருந்து வேறானவை. அவற்றின் மயிர் மனிதனின் தலைமயிரைப் போல் ஓயாது நீள்வது. ஆகவே அவற்றிற்குக் காலந்தோறும் வெட்டுதல் அவசியமேயாகும்.

நாய்க்கு உடலெங்கும் வியர்ப்பதில்லை. அதன் உள்ளங்கால் மெத்தைகளில் மட்டுமே சிறிது வியர்வை சுரக்கிறது. உடலின் வெப்பத்தை அது நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே முக்கியமாக வெளியேற்றுகிறது. எனவே, முதுகு மயிரை மழித்துவிடுவதால் மனிதனுக்குச் சட்டையைக் கழற்றினாற்போன்ற குளிர்ச்சி அதற்கு உண்டாவதில்லை. மாறாக, வெயில் நேரே தோலில் படுகிறது. வெளிர்நிறத் தோலுள்ள நாய்க்கு அது புண்ணாகவும் கூடும். இரட்டை அடுக்குள்ள சில நாய்களுக்கு மழித்த மயிர் மீண்டும் சரிவர வளர ஓராண்டுக்கு மேலும் செல்வதுண்டு. அவ்வாறு வளரும்போது அடிமயிர் முந்திக்கொண்டு, பஞ்சு போல் எளிதில் சிக்காகும் தன்மையை அடைவதும் காணப்படுகிறது. நாய்க்குக் குளிர்ச்சி தர விரும்புவோர் செய்ய வேண்டியவை நிழல், தண்ணீர், காற்றோட்டம் ஆகியவற்றை அளித்தலும், உதிர்ந்து உள்ளே தங்கிய அடிமயிரைச் சீவி எடுத்தலுமேயாம். உதிர்ந்த மயிர் நீங்கினால் தோலுக்குக் காற்று தானே எட்டும்.

சீவுதலும் சிக்கெடுத்தலும்

ஆகவே, உரோமப் பராமரிப்பில் முதலிடம் சீப்புக்கே உரியது. கத்தரிக்கோல் கடைசியாக எடுக்கப்பட வேண்டியது. நீண்ட மயிருள்ள நாயை நாள்தோறும், இயலாவிடில் வாரத்தில் மூன்று நாட்களேனும், இடைவெளி அகன்ற பற்களையுடைய உலோகச் சீப்பினால் சீவ வேண்டும். மேற்புறத்தை மட்டும் வருடுவதால் பயனில்லை. ஒரு கையால் மயிரை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடெடுத்து, கொஞ்சங்கொஞ்சமாகக் கீழ்நோக்கிச் சீவி வர வேண்டும். காதின் பின்புறம், முன்னங்காலின் அக்குள், தொடையின் உட்புறம், கழுத்துப் பட்டை உராயும் இடம் ஆகியவற்றிலேயே சிக்கு முதலில் உண்டாகிறது.

எல்லைப்புறக் கிராமங்களில் சிக்குக்குக் காரணமாகும் பொருள்கள் சில தனித்துக் குறிப்பிடத்தக்கவை. பெயரிலேயே நாயைக் கொண்ட நாயுருவியின் முள்போன்ற காய்கள் வேலியோரம் செல்லும் நாயின் மயிரில் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. மலையாளத்தில் சினேகப்புல்லு என்றும், தமிழில் ஒட்டுப்புல் என்றும் வழங்கும் புல்லின் கூரிய விதைகளும் அவ்வாறே. விரல்களுக்கிடையிலோ காதினுள்ளோ இத்தகைய விதை புகுந்துவிட்டால், அது தோலைத் துளைத்துச் சீழ்பிடிக்கச் செய்யும். நாய் ஒரே பாதத்தை ஓயாது நக்கினாலும், தலையை ஒருபுறமாகச் சாய்த்து உதறினாலும் அவ்விடத்தை உடனே சோதிக்க வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் திரியும் நாயின் மயிரில் ரப்பர்ப் பால் படிவதும் வழக்கம். பால் உலராதிருக்கும்போது அது நீரில் கரைந்து நிற்கும் பொருளாகையால், தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவினாலே போய்விடும். உலர்ந்து இறுகிய பின்னரோ கழுவிப் பயனில்லை. அம்மயிரை மட்டும் வெட்டி எடுப்பதே சரியான முறை. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ இட்டுத் துடைத்தல் தோலை எரித்துவிடும். நாய் அதனை நக்கினால் வயிற்றுக்கும் நுரையீரலுக்கும் கேடு விளையும்.

சிக்கை எடுத்த பின்னரே நாயைக் குளிப்பாட்ட வேண்டும் என்பது பலர் அறியாத விதியாகும். நனைந்த சிக்கு உலரும்போது கம்பளியைப் போல் இறுகிவிடுகிறது. பிறகு அதனைச் சீப்பினால் பிரிக்க இயலாது. குளிப்பாட்டுவதற்குத் துணி துவைக்கும் சோப்பு ஆகாது. நாயின் மேல்தோல் மனிதனின் மேல்தோலைவிட மெல்லியது. காரமான சோப்பு அதன் இயற்கையான எண்ணெய்ப் பசையை நீக்கி அரிப்பை உண்டாக்கும். நாய்களுக்கென விற்கப்படும் ஷாம்புவைப் பயன்படுத்தி, நுரை சிறிதும் எஞ்சாதவாறு அலச வேண்டும். நோயற்ற நாய்க்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குளியல் போதும்.

குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவதே மழைக்காலத்தில் கடினமானது. அடிமயிர் ஈரமாகவே இருக்கும் நாயின் தோலில் இயல்பாகவே வாழும் பாசிணமும் பாக்டீரியாவும் பெருகி, துர்நாற்றமும் அரிப்பும், ஒரே இரவில் உள்ளங்கையளவு பரவும் ஈரப்புண்ணும் தோன்றுகின்றன. மேலே தொட்டுப் பார்க்கையில் உலர்ந்திருப்பதாகத் தோன்றும் மயிர், விரலை உள்ளே விட்டால் நனைந்திருக்கும். ஆகவே மழையில் நனைந்து வந்த நாயைப் பழைய துணியால் அழுத்தித் துடைத்து, விரல்களுக்கிடையிலும் காதின் மடிப்பிலும் ஈரம் போக்கி, காற்றோட்டமான திண்ணையிலோ மின்விசிறியின் கீழோ நிறுத்த வேண்டும். வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் காணப்பட்டால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியதாதலால், கால்நடை மருத்துவரிடம் காட்டும்வரை நாயைப் பிள்ளைகள் மடியில் வைத்துக் கொஞ்சலாகாது.

உண்ணி

தமிழில் உண்ணி எனவும், மலையாளத்தில் பட்டுண்ணி எனவும் கூறப்படும் பூச்சி, சீவும்போது கண்ணில் படுவது. நாயின் மயிரைச் சீவுவதற்கு இதுவே போதிய காரணமாகும். நாய்களைப் பற்றும் பழுப்பு உண்ணி நாய்க்கு எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகளால் வரும் காய்ச்சல்களைப் பரப்புகிறது. மனிதனுக்கு இந்திய உண்ணி டைபஸ் என்னும் காய்ச்சலையும் உண்டாக்கவல்லது. உண்ணியைச் சிறு இடுக்கியினால் தோலை ஒட்டிப் பற்றி, திருகாமல் நேராக இழுத்தெடுத்து, சோப்பு நீரில் போட வேண்டும். விரல் நகத்தால் நசுக்குதல், தீக்குச்சியால் சுடுதல், மண்ணெண்ணெய் தடவுதல் ஆகிய மூன்றும் தவறானவை. நசுங்கிய உண்ணியிலிருந்து கிருமி நம் கையிலுள்ள கீறலின் வழியே உடலில் புகக்கூடும்.

இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி நாயிலிருந்து கீழே விழுந்து, வெட்டுக்கல் சுவரின் இடுக்குகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. இதனால்தான் நாயை மட்டும் மழித்தும் மருந்திட்டும் உண்ணி ஒழிவதில்லை. சுவரின் வெடிப்புகளைப் பூசுவதும், நாய் படுக்கும் சாக்கை வெந்நீரில் துவைப்பதும் உடன் நடைபெற வேண்டும். வாழைக்கோ காய்கறிக்கோ வாங்கிய பூச்சிமருந்தில் எஞ்சியதை நாயின் மேல் தெளிக்கும் வழக்கத்தைக் கிராம ஊழியர்கள் கண்டிப்புடன் தடுக்க வேண்டும். அதனை நக்கும் நாய் வலிப்பு கண்டு இறந்துபோகும். முதுகில் துளியாக விடும் மருந்துகள் மருத்துவர் கூறும் அளவில் பயனுள்ளவை. அவற்றுள் பலவற்றை இடுவதற்கு இரண்டு நாட்கள் முன்னும் பின்னும் நாயைக் குளிப்பாட்டலாகாது. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு நஞ்சாகையால், பூனையும் நாயும் ஒருங்கே வளரும் வீட்டில் மிகுந்த கவனம் வேண்டும்.

கத்தரித்தல்

இத்தனைக்கும் பிறகு வெட்ட வேண்டியது எஞ்சுமாயின், அது பெரும்பாலும் பிரியாத சிக்கும், உள்ளங்கால் மெத்தைகளுக்கிடையே நீண்டு வழுக்கச் செய்யும் மயிரும், மலத்துவாரத்தைச் சுற்றி அசுத்தமாகும் மயிருமேயாம். வெட்டுவதற்கு முன் நாயின் ஈறுகளைப் பார்ப்பது நல்லது. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாயின் இரத்தத்தில் உறைதலுக்கு உதவும் தட்டணுக்கள் குறைந்துவிடுவதால், சிறு காயமும் நெடுநேரம் கசியும். ஈறு வெளுத்திருந்தாலோ, அதில் சிவந்த புள்ளிகள் தென்பட்டாலோ, நாய் தீனியை ஒதுக்கினாலோ அன்று கத்தரிக்கோலைத் தொடாது மருத்துவரை நாட வேண்டும்.

வீட்டில் நேரும் வெட்டுக்காயங்களில் மிகப் பல ஒரே விதமாகவே உண்டாகின்றன. சிக்கைக் கையால் இழுத்துப் பிடிக்கும்போது அதனோடு தோலும் கூடாரம் போல் மேலெழுகிறது. வெட்டுபவர் அதனையும் சிக்கென்றே கருதி அடியில் கத்தரித்துவிடுகிறார். இதனைத் தவிர்க்க எளிய வழி உண்டு. சீப்பைத் தோலுக்கும் சிக்குக்கும் இடையே செருகி, சீப்புக்கு மேலேயுள்ள பகுதியை மட்டும் வெட்ட வேண்டும். சீப்பு நுழையாத அளவு சிக்கு தோலோடு ஒட்டியிருந்தால் அது கத்தரிக்கோலுக்கு உரியதன்று. மின்கருவியால் மருத்துவமனையில் எடுக்கப்பட வேண்டியது. கத்தரிக்கோலின் முனை மழுங்கியதாயிருத்தல் அவசியம். காதின் ஓரத்திலுள்ள சிறு மடிப்பு, அக்குளில் விரியும் தோல், விலாவையும் தொடையையும் இணைக்கும் தோல்மடிப்பு, நாவின் நுனி ஆகியவை அறியாது வெட்டுப்படும் இடங்கள். கண்ணருகே வெட்டுவதைத் தேர்ந்தவரிடம் விட்டுவிடுதலே தக்கது.

மின்கருவியைப் பயன்படுத்துவோர் அதன் அலகை இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை தம் மணிக்கட்டின் உட்புறத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். அது சூடேறியிருப்பின் நாயின் தோலைச் சுட்டுவிடும். ஈரத்தரையில் நின்று 230 வோல்ட் கருவியைக் கையாளுதல் எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வேலைக்கு இருவர் வேண்டும். இருவரும் நாய்க்கு நன்கு பழகியவர்களாயிருக்க வேண்டும். நாயைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பைச் சிறுவரிடம் விடலாகாது. கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், கண்ணின் வெண்மை தெரியப் பக்கவாட்டில் நோக்குதல், உடலை விறைத்தல் ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். உறுமலுக்காக நாயை அடிப்பவர், உறுமாமலே கடிக்க அதனைப் பழக்குகிறார். அடையாளம் கண்டதும் நிறுத்தி, எஞ்சியதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். வாயைத் துணியால் கட்ட நேர்ந்தால், இரைக்க இயலாமல் உடல் சூடேறுமாதலால் சில நிமிடங்களுக்கு மேல் அவ்வாறு விடலாகாது.

கடியோ கீறலோ ஏற்பட்டால், அது சொந்த நாயாயினும், தடுப்பூசி போட்ட நாயாயினும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவிய பின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மலையாளத்தில் பேவிஷபாதை எனப்படும் வெறிநோய் தோன்றிவிட்டால் ஏறக்குறைய எப்பொழுதும் மரணமே. காயத்தில் மஞ்சள், மிளகாய், காப்பித்தூள், சுண்ணாம்பு எதனையும் இடலாகாது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்ற அச்சத்தால் இன்னும் சிலர் கடியை மறைக்கின்றனர். ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அந்தப் பழைய மருந்து 2004-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் கைவிடப்பட்டது. இப்பொழுது மேற்கையின் தோலினுள் சிறிதளவு மருந்து முதல் நாளிலும், 3, 7, 28-ஆம் நாட்களிலும் செலுத்தப்படுகிறது. ஆழ்ந்த காயமாயின் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் இடப்படும். இச்செய்தியை ஆசிரியர்கள் வகுப்பிலேயே கூறிவிடுதல் நலம். நாயிடம் கடிபட்டு, வீட்டில் ஏச்சுக் கிடைக்குமென்று வாய்திறவாதிருப்பவர் பெரும்பாலும் பிள்ளைகளே.

வேலை முடிந்ததும் சீப்பையும் கத்தரிக்கோலையும் சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினியில் நனைத்து உலர்த்தி வைக்க வேண்டும்; ஒரு வீட்டின் சீப்பை மறு வீட்டு நாய்க்குக் கொடுத்தலாகாது. சிக்கு எடுக்கப்பட்ட இடத்தில் தோல் சிவந்திருப்பது இயல்பு. இரண்டு நாட்களுக்குப் பின்னும் நாய் அவ்விடத்தையே நக்கிக்கொண்டிருந்தாலும், அங்கே ஈரம் கசிந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு செல்கையில் நாயின் தடுப்பூசிச் சான்றையும் எடுத்துச் செல்லுதல் நல்லது.