காய்ச்சியும் தீராத தோஷம்

பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறும் நம்மவர், ஒரு வீட்டை அமர்த்துமுன் முதலில் விசாரிப்பது தண்ணீரைப் பற்றியே. நிறத்தைப் பார்க்கிறோம், நாவில் இட்டுச் சுவைக்கிறோம், துவரம்பருப்பு அதில் நன்கு வேகின்றதா என்று வினவுகிறோம். ஐயம் எஞ்சினால் காய்ச்சிப் பருகுகிறோம். கிருமிக்கும் சேற்றுக்கும் உப்புக்கும் இம்முறைகள் ஏற்றவையே. ஆயின் தக்காணத்திலும் ராஜஸ்தானத்திலும் பல ஆழ்துளைக் கிணறுகளில் ஊறும் புளோரைடு என்னும் பொருளின்முன் இவை யாவும் பயனற்றுப் போகின்றன.

புளோரைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கொதிக்க வைத்தால் நீர்தான் ஆவியாகும். புளோரைடு பாத்திரத்திலேயே தங்கிவிடும். நெடுநேரம் காய்ச்சிய நீரில் அதன் செறிவு மிகுமேயன்றிக் குறையாது.

இத்தோஷம் பெரும்பாலும் பாறையிலிருந்தே வருவது. கருங்கற் பாறையின் இடுக்குகளில் நீர் நெடுங்காலம் தங்குகையில், பாறையிலுள்ள புளோரைடு சிறுகச் சிறுகக் கரைகிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் அதனோடு கூடிப் படிந்துவிடும். சுண்ணாம்பு குறைந்து காரத்தன்மை மிகுந்த நீரிலோ தடையின்றிக் கரையும். பருப்பை வேகவிடாமல் தடுப்பதும் அதே சுண்ணாம்புதான். ஆகவே, பருப்பு மலர வேகிறதென்று நாம் கொண்டாடும் மென்னீரே சில ஊர்களில் புளோரைடு மிகுந்த நீராக இருந்துவிடலாம்!

நம் நாட்டில் இந்நோயை ஆராய்ந்து முதன்முதலாக வெளியிட்ட அறிக்கை 1937-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் பேசப்பட்டது அன்றைய மதராஸ் மாகாணத்து நெல்லூர் ஜில்லா. பின்னர் மிகுதியாகப் பேசப்பட்டது, இன்று தெலங்கானாவிலுள்ள நல்கொண்டா. நிலைப்பற்கள் உருவாகும் பருவத்தில், ஏறத்தாழ எட்டு வயது வரை, இந்நீரைப் பருகும் குழந்தைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை ஏறும். பல் துலக்கவில்லையென்று பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் பலர்; பிள்ளை என்ன செய்யும்? பல்லாண்டு பருகினாலோ எலும்பும் மூட்டும் இறுகி, கழுத்தைத் திருப்புவதும் முதுகை வளைப்பதும் அரிதாகும். முற்றிய பின் அதை மீட்க மருந்து இல்லை.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பதும், வேறு நீர் கிடையாத இடத்தில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஆகாது என்பதும் இந்தியத் தர நிர்ணயம். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் வகுத்த முறைக்கு நல்கொண்டாவின் பெயரே வழங்குகிறது. படிகாரமும் சுண்ணாம்பும் சலவைத் தூளும் அளவறிந்து கலந்து, கலக்கித் தெளியவைத்து வடித்தெடுப்பது அம்முறை. புளோரைடின் அளவையும் நீரின் காரத்தையும் அறியாமல் கலத்தல் தகாது. கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டை இழைப்பதுபோல் கைக்குத் தோன்றியபடி செய்யும் காரியமன்று. சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டி புளோரைடை நீக்காது, ஆர்.ஓ. சாதனம் பெருமளவு நீக்கும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மட்டுமாவது, பரிசோதித்த ஆற்றுநீரோ சேமித்த மழைநீரோ கிடைக்குமாயின் அதுவே மேல்.

கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் வாழ்வோர் ஆர்சனிக் என்னும் நஞ்சையும் சேர்த்துச் சோதிப்பித்தல் வேண்டும். அதுவும் காய்ச்சினால் நீங்காதது. ஒரு புட்டி நீரைக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்புவது பெருஞ்செலவன்று. அடுத்த வீட்டுக் கிணற்றின் முடிவு நம் கிணற்றுக்குப் பொருந்தாது. ஆழமும் பாறையும் மாறினால் அளவும் மாறும். வீட்டுக்காரர் குழாயை இன்னும் ஆழமாக இறக்கினால், மீண்டும் ஒருமுறை சோதித்தாக வேண்டும்.